மெயின்ஃபிரேமில் ஓஎஸ் மாறும்போது பாதுகாப்பு மென்பொருள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐபிஎம்மின் பெரிய கணினிகளான மெயின்ஃபிரேம்களில் ஓடும் ஓஎஸ் (இயங்குதளம்) இசட்/ஓஎஸ். அதன் மேம்படுத்தலில் கூடவே எத்தனையோ மென்பொருள்கள் மாறுகின்றன. அறிக்கை அச்சிடும் மென்பொருள் புது ஓஎஸ்ஸில் எழவில்லை என்றால் அது மட்டும் படுத்துக் கிடக்கும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். பாதுகாப்பு மென்பொருள் எழவில்லை என்றால் பயனர்கள் உள்நுழைந்து வேலைசெய்யும் டிஎஸ்ஓவுக்குள் யாரும் நுழைய முடியாது, வரிசையில் தானாக ஓடும் பேட்ச் ஜாப்கள் ஓடாது, சரிசெய்ய வேண்டியவருக்கே கதவு திறக்காது. அதைவிட மோசமான நிலை ஒன்றும் உண்டு: எல்லாம் நன்றாக எழுந்து, யாரை உள்ளே விடக் கூடாதோ அவரையும் சேர்த்து உள்ளே விடுவது. முன்னதை அன்றிரவே கண்டுபிடித்துவிடுவார்கள். பின்னதைத் தணிக்கையாளர் வரும்வரை யாரும் கவனிக்காமல் போகலாம்.

இங்கே பாதுகாப்பு மென்பொருள் என்பது மூன்றில் ஒன்று. ஐபிஎம்மின் ராக்எஃப் 1976-இல் வந்தது. ஏசிஎஃப்2, டாப் சீக்ரெட் இரண்டும் நெடுங்காலம் கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ் நிறுவனத்திடம் இருந்தவை; 2018-இல் அந்த நிறுவனத்தையே பிராட்காம் வாங்கியதால் இப்போது அதனிடம். மூன்றையும் ஓஎஸ் ஒரே வாசல் வழியாகத்தான் கேள்வி கேட்கிறது. அந்த வாசலின் பெயர் சாஃப். "இந்த ஆள் இந்த டேட்டாசெட்டைத் திறக்கலாமா?" என்று சாஃப் கேட்கும் (டேட்டாசெட் என்பது மெயின்ஃபிரேமில் கோப்பின் பெயர்), பின்னால் இருப்பது எந்த மென்பொருளோ அது பதில் சொல்லும். வாசல் ஒன்றுதான் என்பதால் பின்னால் இருப்பவரை மாற்றுவதும் எளிது என்று மேலிடத்தில் நினைப்பவர்கள் உண்டு. இந்தக் கட்டுரையில் வரும் தவறுகளில் பாதி அந்த நினைப்பிலிருந்து பிறப்பவை.

இரண்டையும் ஒரே இரவில் மாற்றுவது

தவறுகளில் மூத்தது இதுதான். காரணமும் புரியக்கூடியதே. மெயின்ஃபிரேமை நிறுத்தி மீண்டும் ஐபிஎல் செய்ய, அதாவது ஓஎஸ்ஸை ஏற்றித் தொடங்க, நேரம் கிடைப்பது அரிது. கிடைத்த ஒரு ஞாயிறு அதிகாலையில் ஓஎஸ்ஸையும் பாதுகாப்பு மென்பொருளையும் சேர்த்து மாற்றிவிட்டால் இன்னொரு முறை நேரம் கேட்டு நிற்க வேண்டாம் அல்லவா?

திங்கள் காலை ஒரு ஜாப் எஸ்913 அபெண்டில் (பாதியில் முறிவதற்கான குறியீடு) விழுகிறது என்று வையுங்கள். டேட்டாசெட்டைத் திறக்க அனுமதி இல்லை என்பது அதன் பொருள். ஏன் இல்லை? புது ஓஎஸ் முன்பு கேட்காத ஒரு கேள்வியைக் கேட்கத் தொடங்கியதாலா, பாதுகாப்பு மென்பொருளின் புது வெளியீடு பழைய கேள்விக்கு வேறு பதில் சொல்வதாலா, மென்பொருளின் நடுவே நீங்கள் செருகிய சொந்த நிரலான எக்ஸிட் ஒன்று ஏற்றப்படாமல் போனதாலா? ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால் சந்தேகப் பட்டியல் சிறியது. இரண்டையும் மாற்றியபின் ஓஎஸ் ஆதரவுக் குழு பாதுகாப்புக் குழுவைக் கைகாட்டும், பாதுகாப்புக் குழு ஓஎஸ் குழுவைக் கைகாட்டும். ஆள் கூடினாலும் வேலை நகராது.

பின்வாங்கும் வழியும் இதனாலேயே அடைபடுகிறது. ஓஎஸ்ஸில் சிக்கல் என்றால் பழைய சிஸ்ரெஸ் வால்யூமிலிருந்து (ஓஎஸ் இருக்கும் வட்டிலிருந்து) ஐபிஎல் செய்து திரும்பிவிடலாம். ஆனால் பாதுகாப்பு மென்பொருளும் அதே இரவில் மாறியிருந்தால், பழைய ஓஎஸ்ஸோடு சேர்த்துப் பழைய பாதுகாப்பு மென்பொருளையும் எழுப்ப வேண்டும். இடையில் மாற்றப்பட்ட பாஸ்வேர்டுகள், சேர்க்கப்பட்ட பயனர்கள், நீக்கப்பட்ட அனுமதிகள் எல்லாம் புது டேட்டாபேஸில் இருக்கும். வேலையை விட்டுப் போனவரின் அடையாளம் பழைய டேட்டாபேஸில் உயிரோடு இருக்கும்.

சரியான வரிசை எளிது. பழைய ஓஎஸ்ஸிலும் புது ஓஎஸ்ஸிலும் ஓடக்கூடிய பாதுகாப்பு மென்பொருள் வெளியீட்டை முதலில் தேர்ந்தெடுங்கள். அதைப் பழைய ஓஎஸ்ஸின் மேலேயே நிறுவுங்கள். ஒரு மாத முடிவு பேட்ச், முடிந்தால் ஒரு காலாண்டு முடிவு கடக்கும்வரை ஓட விடுங்கள். பிறகு ஓஎஸ்ஸைத் தொடுங்கள். அப்போது ஓஎஸ் பின்வாங்கினாலும் பாதுகாப்பு மென்பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும். ராக்எஃப் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தேர்வு கிடையாது. அது ஓஎஸ்ஸோடு சேர்ந்தே வருவது, ஓஎஸ் மாறினால் தானும் மாறும். அவர்கள் கவனம் வைக்க வேண்டியது டேட்டாபேஸில். அதைக் கீழே பார்க்கலாம்.

ஏசிஎஃப்2-இலிருந்து ராக்எஃப்புக்கோ, டாப் சீக்ரெட்டிலிருந்து ஏசிஎஃப்2-க்கோ மாறுவது, அதாவது மென்பொருளையே மாற்றுவது, முற்றிலும் தனித் திட்டம். அதை ஓஎஸ் மேம்படுத்தலின் ஒரு வரியாக எழுதி வைத்திருந்தால், அந்த வரியைத் தயங்காமல் அடித்துவிடுங்கள். ஓஎஸ் மேம்படுத்தல் சில மாத வேலை. மென்பொருள் மாற்றத்தில், யாருக்கு எதற்கு அனுமதி இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு துறையையும் கேட்டு முடிக்கவே அதைவிட அதிக காலம் பிடிக்கும்.

திருத்தங்களைத் தவறான பக்கத்தில் போடுவது

"எங்கள் வெளியீடு புது ஓஎஸ்ஸில் ஓடும்" என்று விற்பனையாளர் சொன்னால், குறிப்பிட்ட பிடிஎஃப்கள் (விற்பனையாளர் தரும் திருத்தங்கள்) போடப்பட்டிருந்தால் ஓடும் என்று பொருள் கொள்ள வேண்டும். இதைப் பலரும் அறிவார்கள். அறிந்தும் சறுக்குவது அந்தத் திருத்தங்களை எங்கே போடுவது என்பதில்.

இரண்டு வகை இருக்கின்றன. புது ஓஎஸ்ஸில் ஓடுவதற்குத் தேவையானவை ஒரு வகை. புது ஓஎஸ் ஓடும் சிஸ்டத்தோடு பகிர்ந்து வாழப் பழைய ஓஎஸ் சிஸ்டத்துக்குத் தேவையானவை இன்னொரு வகை. சிஸ்பிளெக்ஸில், அதாவது சேர்ந்து இயங்கும் சிஸ்டங்களின் கூட்டத்தில், நான்கு சிஸ்டம் இருந்து, முதலில் ஒன்று மட்டும் மாறுகிறது என்றால், இரண்டாம் வகைத் திருத்தங்கள் மாறாத மூன்றிலும் முன்கூட்டியே இருக்க வேண்டும். அவற்றுக்கும் ஐபிஎல் தேவைப்படலாம். மாறப்போகும் சிஸ்டத்தை மட்டும் பார்த்துப் பார்த்துத் தயார்செய்து, மாறாத மூன்றை மறந்துவிடுவது வழக்கமான சறுக்கல். நான்கும் ஒரே பாதுகாப்பு டேட்டாபேஸைப் பகிரும்போது இதன் விலை கூடும்.

மென்பொருளையும் திருத்தங்களையும் நிறுவும் கருவியான எஸ்எம்பி/இ-யில் இதற்கென ஃபிக்ஸ்கேட் என்ற வகைப்பாடு உண்டு. புதிய ஹோல்டேட்டாவை (திருத்தங்கள் பற்றிய தகவல் கோப்பை) எடுத்துக்கொண்டு, விடுபட்ட திருத்தங்களைக் காட்டும் அறிக்கையை இரண்டு வகைக்கும் தனித்தனியாக ஓட்டிப் பாருங்கள். திட்டத்தின் தொடக்கத்தில் ஒரு முறை, முதல் உற்பத்தி ஐபிஎல்லுக்குச் சில வாரம் முன்பு இன்னொரு முறை. இடைப்பட்ட காலத்தில் புதுத் திருத்தங்கள் வந்திருக்கும்.

எத்தனை வெளியீடு தாண்டலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. இசட்/ஓஎஸ் இப்போது இரண்டு ஆண்டுக்கு ஒன்றாக வருகிறது: 2.4 2019-இல், 2.5 2021-இல், 3.1 2023-இல், 3.2 2025-இல். ஒரே சிஸ்பிளெக்ஸில் சேர்ந்து வாழ ஒரு வெளியீடும் அதற்கு முந்தைய இரண்டும்தான் ஆதரிக்கப்படுகின்றன. அதாவது 2.4-இலிருந்து 3.1-க்குத் தாவலாம், 3.2-க்குத் தாவ முடியாது. 2.4-இன் வழக்கமான ஆதரவும் செப்டம்பர் 2024-இல் முடிந்துவிட்டது.

டேட்டாபேஸில் அவசரப்பட்டுக் கை வைப்பது

ராக்எஃப் டேட்டாபேஸின் உள்ளமைப்பை விவரிக்கும் பகுதிக்கு டெம்ப்ளேட் என்று பெயர். புது ஓஎஸ் வெளியீடு புதிய புலங்களைக் கொண்டுவரும்போது டெம்ப்ளேட்டையும் புதுப்பிக்க வேண்டும். அதைச் செய்வது ஐஆர்ஆர்மின்00 என்ற பயன்பாட்டு நிரல். பார்ம்=அப்டேட் என்று கொடுத்தால் டெம்ப்ளேட்டை மட்டும் புதுப்பிக்கும். பார்ம்=நியூ என்று கொடுத்தால் வெற்று டேட்டாபேஸை உருவாக்கும். பழைய ஜேசிஎல்லை (ஜாப்பை ஓட்டும் கட்டளைகளை) நகலெடுத்து ஓட்டும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. எந்த ஜேசிஎல்லில் எந்த வார்த்தை இருக்கிறது என்று ஓட்டுவதற்கு முன் இன்னொருவர் படித்துப் பார்க்க வேண்டிய ஜாப் என்று ஒன்று இருக்குமானால் அது இதுதான்.

டெம்ப்ளேட் புதுப்பிப்பைக் கடைசி நேரத்துக்குத் தள்ளத் தேவையில்லை. புது டெம்ப்ளேட்டுகள் பழைய வெளியீட்டுக்கும் ஒத்துப்போகும் விதத்தில்தான் கட்டப்படுகின்றன. பகிரும் பழைய சிஸ்டங்கள் அவற்றோடு இயல்பாக ஓடும். எனவே புது வெளியீட்டின் நிரலைக் கொண்டு, பழைய ஓஎஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே சில நாள் முன்னதாகப் புதுப்பித்துவிடலாம். மறந்துவிட்டால் ஐபிஎல் சமயத்தில் ஐசிஹெச்579இ என்ற செய்தி வந்து, டெம்ப்ளேட் பழையது என்று குறைகூறும். முதன்மை டேட்டாபேஸைப் புதுப்பித்துவிட்டு பேக்கப் டேட்டாபேஸை விட்டுவிடுவதும் நடக்கிறது. ஒரு நாள் பேக்கப்புக்கு மாற நேரும்போதுதான் அது தெரியவரும்.

பேக்கப் என்ற பெயரே பலரை ஏமாற்றுகிறது. ராக்எஃப்பின் பேக்கப் டேட்டாபேஸ் உடனுக்குடன் இணையாக எழுதப்படும் பிரதி. வட்டு பழுதானால் அது காப்பாற்றும். தவறான கட்டளையால் ஆயிரம் அனுமதிகள் அழிந்தால், அதே நொடியில் பேக்கப்பிலும் அழிந்திருக்கும். ஆகவே மாற்றத்துக்கு முன் ஐஆர்ஆர்யுடி200 கொண்டு தனிப் பிரதி ஒன்று எடுத்து, வேறு வால்யூமில் வையுங்கள். அது டேட்டாபேஸைப் பூட்டிக்கொண்டு சீரான பிரதி எடுக்கும். உள் சுட்டிகள் சரியாக இருக்கின்றனவா என்றும் சரிபார்த்துச் சொல்லும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸைச் சாதாரண வால்யூம் டம்ப் வழியாக மட்டும் எடுத்து வைத்துக்கொள்வதை நம்ப வேண்டாம். எடுக்கும்போதே அது மாறிக்கொண்டிருக்கும்.

ஏசிஎஃப்2-வில் லாகான்ஐடி, ரூல், இன்ஃபோஸ்டோரேஜ் என மூன்று விசாம் வகைக் கோப்புகள். மூன்றையும் ஒரே நேரப் புள்ளியில் எடுக்க வேண்டும். லாகான்ஐடியை வெள்ளிக்கிழமையும் ரூலைச் சனிக்கிழமையும் எடுத்து வைத்தால், மீட்டெடுக்கும் நாளில் கிடைப்பது எந்த நாளின் நிலையும் இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. புது வெளியீடு தரும் புது வசதிகளை, பின்வாங்கும் வாய்ப்பு முடியும்வரை இயக்காதீர்கள். பாஸ்வேர்டு குறியாக்கம் நல்ல உதாரணம். ராக்எஃப்பில் பழைய டிஇஎஸ் முறையிலிருந்து வலுவான கேடிஎஃப்ஏஇஎஸ் முறைக்கு மாறுவது செய்ய வேண்டியதே. ஆனால் மாறியபின் புதிதாகச் சேமிக்கப்படும் பாஸ்வேர்டுகளை, அந்த முறை தெரியாத சிஸ்டத்தால் சரிபார்க்க முடியாது. பகிரும் சிஸ்டங்களில் ஒன்று அதற்கான திருத்தம் இல்லாமல் இருந்தால், அங்கே மட்டும் ஒவ்வொருவராக உள்நுழைய முடியாமல் போவார்கள். அதுவும் பாஸ்வேர்டு மாற்றிய வரிசையில். உதவி மையத்துக்கு இதைவிடக் குழப்பமான அழைப்புகள் வராது. ஓஎஸ் சிஸ்ரெஸ்ஸைத் திருப்பிவிடலாம், டேட்டாபேஸுக்குள் போன மாற்றம் திரும்பாது என்பதை மனதில் வைத்தால் இந்த வகைத் தவறுகள் பெரும்பாலும் நடக்காது.

பழைய வால்யூமோடு போய்விடும் சொந்த நிரல்கள்

புது ஓஎஸ் புது சிஸ்ரெஸ் வால்யூமில் வருகிறது. பத்திருபது ஆண்டுகளாக உங்கள் நிறுவனம் பழைய சிஸ்ரெஸ்ஸில் செருகி வைத்தவை அதில் இருக்காது.

ராக்எஃப்பில் முதலில் தேட வேண்டியது ஐசிஹெச்ஆர்டிஎஸ்என்டி. டேட்டாபேஸின் பெயரைச் சொல்லும் அட்டவணை அது. அசெம்பிள் செய்து லிங்க்லிஸ்ட் நூலகத்தில் (ஓஎஸ் நிரல்களைத் தேடும் இடத்தில்) வைக்கப்பட்ட நிரல். அது புது சிஸ்ரெஸ்ஸில் இல்லாவிட்டால், ஐபிஎல் நடுவில் டேட்டாபேஸின் பெயர் என்ன என்று ஆபரேட்டரைக் கேட்டு சிஸ்டம் நிற்கும். அதிகாலை மூன்று மணிக்கு அந்தப் பெயர் யாருக்கு நினைவிருக்கும்? டேட்டாபேஸை இரண்டு மூன்றாகப் பிரித்து வைத்திருப்பவர்களுக்கு ஐசிஹெச்ஆர்ஆர்என்ஜி என்ற ரேஞ்ச் அட்டவணையும் உண்டு. எந்தப் பெயரில் தொடங்கும் புரொஃபைல் (பயனரையோ கோப்பையோ பற்றிய பாதுகாப்புப் பதிவு) எந்தப் பகுதியில் இருக்கிறது என்று அதுதான் சொல்லும். பழைய பிரதி தவறி வந்துவிட்டால், இருக்கும் புரொஃபைலையே இல்லை என்று சொல்லும் நிலை வரும். ஏசிஎஃப்2-வில் ஏசிஎஃப்எஃப்டிஆர் இதே வகை: உங்கள் நிறுவனத்துக்கென அசெம்பிள் செய்யப்பட்டது, விற்பனையாளர் தருவதில் இருக்காது.

அடுத்தது எக்ஸிட்கள். புது பாஸ்வேர்டின் விதிகளைச் சோதிக்கும் ஐசிஹெச்பிடபிள்யுஎக்ஸ்01, அனுமதிச் சோதனையில் குறுக்கிடும் ஐசிஹெச்ஆர்சிஎக்ஸ்01 போன்றவை. முதலில் கேட்க வேண்டியது, இந்த எக்ஸிட் இன்னும் தேவையா என்பது. எழுதிய காலத்தில் இல்லாத வசதி இப்போது மென்பொருளிலேயே இருக்கலாம். தேவை என்றால் மூல நிரல் எங்கே? அது இருந்தால் புது வெளியீட்டின் மேக்ரோ நூலகத்தோடு மீண்டும் அசெம்பிள் செய்யுங்கள். இல்லாவிட்டால் "இத்தனை வருடம் ஓடியதே" என்று லோடு மாட்யூலை (ஓடும் வடிவிலுள்ள நிரலை) மட்டும் நகலெடுப்பது சூதாட்டம். கட்டுப்பாட்டுத் தொகுதிகளின் அமைப்பு மாறியிருந்தால் எக்ஸிட் தவறான இடத்தைப் படித்து, தவறான முடிவை முழு நம்பிக்கையோடு சொல்லும்.

ஓஎஸ்ஸே கதவை மூடிய இடமும் உண்டு. பயனர் சாவியில் பொது நினைவகம் எடுக்கும் பழைய வழக்கத்துக்கு இசட்/ஓஎஸ் 2.3-தான் கடைசி. 2.4-இல் அந்த ஆதரவு நீக்கப்பட்டது. எந்த நிரலும் அந்த நினைவகத்தை மாற்றி எழுத முடியும் என்பது பெரிய பாதுகாப்பு ஓட்டை என்பதால் அது சரியான முடிவுதான். ஆனால் எழுபதுகளின் பாணியில் எழுதப்பட்ட எக்ஸிட்களும், சில உள்ளூர்ப் பாதுகாப்புக் கருவிகளும் அதை நம்பித்தான் இருந்தன. பழைய ஓஎஸ்ஸில் இருக்கும்போதே இவற்றைக் கண்டுபிடித்துவிட வேண்டும்.

வால்யூம் பெயரும் ஒரு கண்ணி. ராக்எஃப்பின் புரோகிராம் கட்டுப்பாட்டில் நம்பகமான நூலகங்களைச் சேர்க்கும்போது யாரோ சிஸ்ரெஸ் வால்யூமின் பெயரை நேரடியாக எழுதியிருப்பார்கள். புது சிஸ்ரெஸ்ஸின் பெயர் வேறு. அந்த நூலகம் நம்பகமற்றதாகி, யூனிக்ஸ் பக்கத்து டீமன்கள் (பின்னணியில் ஓடும் நிரல்கள்) எழ மறுக்கும். சூழல் கட்டுப்பாட்டை இழந்தது என்று ஐசிஹெச்420ஐ செய்தி வரும். பெயருக்குப் பதில் ஆறு நட்சத்திரக் குறி போட்டால் எந்த வால்யூமிலிருந்து ஐபிஎல் ஆனதோ அதுவே என்று எடுத்துக்கொள்ளும். சிறப்பு அதிகாரம் பெற்ற நூலகங்களைச் சொல்லும் ஏபிஎஃப் பட்டியலுக்கும் இதே வைத்தியம்.

ஓஎஸ் கேட்கத் தொடங்கும் புதுக் கேள்விகளைத் தவறவிடுவது

ஒவ்வொரு வெளியீட்டிலும் ஓஎஸ்ஸின் சில பகுதிகள், முன்பு தாமே முடிவு செய்தவற்றை சாஃப்பிடம் கேட்கத் தொடங்குகின்றன. ஜாப்களைப் பார்க்கவும் கட்டுப்படுத்தவும் உதவும் எஸ்டிஎஸ்எஃப் நல்ல எடுத்துக்காட்டு. யார் எந்த ஜாப்பின் வெளியீட்டைப் பார்க்கலாம், யார் அதை ரத்துசெய்யலாம் என்பதை ஐஎஸ்எஃப்பார்ம்ஸ் என்ற அதன் சொந்த அட்டவணையில் எழுதி வைத்திருந்த நிறுவனங்கள் ஏராளம். இசட்/ஓஎஸ் 2.5-இல் அந்த வழி எடுக்கப்பட்டு, சாஃப் மட்டுமே என்றாகிவிட்டது. பழைய அட்டவணையைப் படித்து ராக்எஃப் கட்டளைகளாக மாற்றித் தரும் ஐஎஸ்எஃப்ஏசிஆர் என்ற கருவியும் கிடைக்கிறது. அதற்கு முன் 2.1-இல், யூனிக்ஸ் அடையாளம் இல்லாத பயனர்களுக்குப் பொது அடையாளம் தந்துவந்த பிபிஎக்ஸ்.டிஃபால்ட்.யூசர் நீக்கப்பட்டது, இப்போது ஒவ்வொருவருக்கும் தனி அடையாளம் வேண்டும்.

ஒரு வெளியீட்டைத் தாண்டிப் போகிறவர்கள் இரண்டு வெளியீடுகளின் மாற்றங்களையும் படிக்க வேண்டும். நடு வெளியீட்டைப் புரட்டாமல் விடுவது இயல்பான சோம்பல்.

ஏசிஎஃப்2, டாப் சீக்ரெட் பயனர்களுக்குக் கூடுதல் வேலை ஒன்று உண்டு. ஐபிஎம்மின் மாதிரி ஜாப்கள் ராக்எஃப் கட்டளைகளில் எழுதப்பட்டவை. இப்போது நிறுவலுக்கே அடிப்படையாகிவிட்ட இசட்/ஓஎஸ்எம்எஃப் என்ற நிர்வாகக் கருவியை எழுப்பத் தேவையான அனுமதிகளும் அப்படித்தான், பக்கம் பக்கமாக. அவற்றைத் தங்கள் மென்பொருளின் மொழிக்கு மாற்ற வேண்டும். புது ரிசோர்ஸ் கிளாஸ் (பாதுகாக்கப்படும் பொருள்களின் வகை) வந்திருந்தால் அதை ஏசிஎஃப்2-வில் கிளாஸ்மேப்பிலும், டாப் சீக்ரெட்டில் ஆர்டிடி அட்டவணையிலும் முதலில் தெரியப்படுத்த வேண்டும். விற்பனையாளர் இவற்றுக்கான சமமான கட்டளைகளைப் பெரும்பாலும் வெளியிடுவார். தேடிப் பார்க்காமல் கையால் மாற்ற உட்காருவது வீண் உழைப்பு.

கட்டளைக்குக் கட்டளை என்று மொழிபெயர்ப்பது

மென்பொருளையே மாற்றுபவர்களுக்கு மட்டும் உரியது இது. விதிகளை ஒரு பக்கம் ஊற்றினால் மறுபக்கம் கட்டளைகளாக வந்து விழும் மாற்றுக் கருவிகள் உண்டு. கருவி தேவைதான். ஆனால் மூன்று மென்பொருளும் சிந்திக்கும் விதமே வேறு.

ஏசிஎஃப்2 டேட்டாசெட்டுகளை இயல்பிலேயே பூட்டியே வைத்திருக்கும். விதி இருந்தால்தான் திறக்கும். ராக்எஃப்பில் புரொடெக்ட்ஆல் என்ற அமைப்பை இயக்காவிட்டால், புரொஃபைல் இல்லாத டேட்டாசெட்டைப் பற்றி "எனக்குத் தெரியாது" என்று 4 என்ற விடைக் குறியீட்டைத் திருப்பும். 0 என்றால் சரி, 8 என்றால் கூடாது, 4 என்றால் தீர்ப்பு இல்லை. டேட்டாசெட் விஷயத்தில் தீர்ப்பு இல்லாதது திறந்த கதவாகும். பிற ரிசோர்ஸ்களில், 4-ஐ எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்ட மென்பொருளே முடிவு செய்யும்; ஒன்று விடும், மற்றொன்று மறுக்கும். ஏசிஎஃப்2-வில் விதியே எழுதாமல் பூட்டியிருந்த டேட்டாசெட்டுகளுக்கு மாற்றுக் கருவி எதையும் உருவாக்காது, ஏனென்றால் மொழிபெயர்க்க அங்கே எதுவும் இல்லை. புரொடெக்ட்ஆலை மறந்தால் அவை அனைத்தும் அன்றே திறந்துவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

எதிர்த்திசையிலும் உண்டு. ஏசிஎஃப்2-வில் விதி வரிகள் குறுகியதிலிருந்து பொதுவானதுக்கு வரிசைப்படும். குறுகிய வரியில் பயனரின் யுஐடி (அடையாளச் சரம்) பொருந்தாவிட்டால் அடுத்த பொதுவான வரி பார்க்கப்படும். ராக்எஃப்பில் ஒரு டேட்டாசெட்டுக்கு மிகக் குறுகிய புரொஃபைல் எதுவோ அது மட்டுமே பேசும். பே.மாஸ்டர்.** என்று ஒன்றும் பே.** என்று ஒன்றும் இருந்தால், மாஸ்டர் கோப்புக்கு முதல் புரொஃபைலின் பட்டியலே இறுதி. இரண்டாவதில் இருக்கும் தணிக்கைக் குழு அங்கே நுழைய முடியாது. வரிக்கு வரி மொழிபெயர்த்தால் இப்படித்தான் முடியும். டாப் சீக்ரெட்டில் அனுமதி பயனரோடும் அவருக்குத் தரப்பட்ட புரொஃபைல்களோடும் ஒட்டியிருக்கிறது, ராக்எஃப்பில் பாதுகாக்கப்படும் பொருளோடு ஒட்டியிருக்கிறது. ஒன்றைத் தலைகீழாகப் புரட்டித்தான் மற்றதைக் கட்ட முடியும்.

பாஸ்வேர்டுகள் ஒருவழிக் குறியாக்கத்தில் இருப்பவை, எடுத்துப் படிக்க முடியாது. குறியாக்க முறை இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் எல்லோருக்கும் புது பாஸ்வேர்டு தரவேண்டியிருக்கும். மனிதர்கள் பரவாயில்லை. கோப்புப் பரிமாற்ற ஸ்கிரிப்டுகளுக்குள் எழுதி வைக்கப்பட்ட பாஸ்வேர்டுகளைத்தான் யாரும் நினைப்பதில்லை. டிஜிட்டல் சான்றிதழ்களிலும் கவனம் வேண்டும்: தனிச் சாவி குறியாக்க வன்பொருளின் பாதுகாப்பில் இருந்தால் வெளியே எடுத்துக் கொண்டுபோக வழி இருக்காது, புதுச் சான்றிதழ் வாங்க நாளாகும்.

எச்சரிக்கை நிலையை நிரந்தரமாக்குவது

மறுக்காமல் பதிவு மட்டும் செய்யும் நிலை மூன்றிலும் உண்டு. ஏசிஎஃப்2-வில் லாக், வார்ன். டாப் சீக்ரெட்டில் வார்ன். ராக்எஃப்பில் புரொஃபைல் வாரியாக வார்னிங். சோதனைக்கு அருமையான வசதி. உற்பத்தியில் இது திறந்த கதவுதான், யார் நுழைந்தார் என்று குறித்துக்கொள்ளும் திறந்த கதவு. எந்தத் தேதியில் யார் இதை அணைப்பார் என்று எழுதாமல் இயக்கக் கூடாது.

எல்லா அதிகாரமும் உள்ளவரே சோதிப்பது

திட்டக் குழுவில் இருப்பவர்கள் சிஸ்டம் புரோகிராமர்களும் பாதுகாப்பு நிர்வாகிகளும். அவர்களுடைய அடையாளங்களில் ஸ்பெஷல், ஆபரேஷன்ஸ், ஏசிஎஃப்2 என்றால் நான்-கேன்சல் போன்ற பண்புகள் இருக்கும். அப்படிப்பட்ட அடையாளத்தில் ஓட்டிய சோதனை பச்சை காட்டியது என்றால் ஒன்றும் நிரூபணமாகவில்லை. அவருக்கு எப்போதும் எல்லாம் திறக்கும்.

கணக்குப் பிரிவின் சாதாரண எழுத்தர், உதவி மைய ஊழியர், பரிவர்த்தனைகளை நடத்தும் சிஐசிஎஸ் வழியாக வரும் பயனர், பின்னணியில் ஓடும் ஸ்டார்ட்டட் டாஸ்க்குகளின் அடையாளங்கள், இரவு பேட்ச்சின் அடையாளம் என்று நிஜமானவற்றைப் போன்றே உருவாக்கிச் சோதியுங்கள். பாதி சோதனைகள் மறுப்பில் முடிய வேண்டும். நுழையக் கூடாதவர் நுழைய முடியவில்லை என்பதைக் காட்டாத சோதனைப் பட்டியல், பாதுகாப்பு மென்பொருளுக்கான பட்டியலே அல்ல. உற்பத்தி டேட்டாபேஸின் பிரதியோடு சோதனை எல்பாரில் (இயந்திரத்தில் பிரித்த தனிப் பகுதியில்) ஓட்டுவது நல்லது. ஆனால் அந்தப் பிரதியில் நிஜப் பயனர்களின் பாஸ்வேர்டு குறியாக்கங்களும் இருக்கின்றன. சோதனை எல்பார் என்பதற்காக அதைக் கவனக்குறைவாக விட்டுவிட முடியாது.

அவசர வழியை ஒத்திகை பார்க்காமல் இருப்பது

ராக்எஃப் டேட்டாபேஸ் எதுவும் கிடைக்காத நிலையில் சிஸ்டம் ஃபெயில்சாஃப்ட் முறைக்குப் போகும். அப்போது அனுமதிக் கேள்விகள் ஆபரேட்டர் கன்சோலுக்கு வரத் தொடங்கும், ஒன்றன்பின் ஒன்றாக. பதில் சொல்லிச் சமாளிக்கும் வேகத்தில் அவை வராது. ஆர்வேரி கட்டளையால் பேக்கப்புக்கு மாற வேண்டும். அதற்குப் பாஸ்வேர்டு கேட்கும். யாரும் அமைக்காமல் விட்டிருந்தால் யெஸ் (YES) என்று பதில் சொன்னாலே போதும். அமைத்தவர் ஓய்வுபெற்றுப் போயிருந்தால் அந்த ராத்திரி நீண்டது. இரண்டுமே ஐபிஎல்லுக்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை.

அவசர அடையாளம் ஒன்று உறையில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். அது ரத்தான நிலையில் இல்லையா, பாஸ்வேர்டு காலாவதியாகவில்லையா, புது சிஸ்டத்தில் உண்மையில் அதைக் கொண்டு உள்நுழைய முடிகிறதா? டிஎஸ்ஓவே எழாவிட்டால் கன்சோலிலிருந்து என்ன செய்யலாம் என்பதை அச்சிட்டுத் தாளில் வையுங்கள். மீட்புக் குறிப்புகளை அதே மெயின்ஃபிரேமின் டேட்டாசெட்டில் வைத்திருக்கும் இடங்கள் இருக்கின்றன. விற்பனையாளரின் உரிமச் சாவி புது வன்பொருளுக்கும் செல்லுமா என்று, வன்பொருளும் சேர்ந்து மாறுகிறதென்றால், இப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தணிக்கைப் பதிவு அறுந்துபோவது

ராக்எஃப் அனுமதி நிகழ்வுகளை, ஓஎஸ்ஸின் நிகழ்வுப் பதிவேடான எஸ்எம்எஃப்பில் 80-ஆம் வகைப் பதிவாக எழுதுகிறது. டாப் சீக்ரெட்டும் 80 என்ற எண்ணையே பயன்படுத்துகிறது, உள்ளடக்கம் வேறு. ஏசிஎஃப்2 இயல்பாக 230. மென்பொருள் மாறும்போது எஸ்எம்எஃப் அமைப்பில் புது எண் இல்லாவிட்டால் பதிவே விழாது. அதே எண், வேறு அமைப்பு என்றால் கண்காணிப்பு மையத்தின் கருவி குப்பையைப் படித்து அமைதியாக இருக்கும். ஓஎஸ் மட்டும் மாறினாலும், எஸ்எம்எஃப்பின் அமைப்புகளைச் சொல்லும் பார்ம்லிப் புதிதாக எழுதப்பட்டிருந்தால் 80 விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மாற்றத்துக்கு முந்தைய சில வாரங்களின் ஐசிஹெச்408ஐ மறுப்புச் செய்திகளை, அல்லது உங்கள் மென்பொருளில் அதற்கு இணையானவற்றை, நாள்வாரியாக எண்ணி வைத்துக்கொள்வது செலவில்லாத உதவி. மாற்றத்துக்குப் பிந்தைய முதல் வாரத்தில் அந்த எண்ணிக்கை எகிறினால் எங்கே என்று பார்ப்பீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். எண்ணிக்கை திடீரென்று பாதியாகக் குறைந்தால், யாருடைய எந்த மறுப்பு காணாமல் போனது என்று அன்றே தேடத் தொடங்குங்கள்.